ரீடு நம்பர் ஏறினால் தேர்ச்சியா?

பிள்ளையைக் கிளாரினெட் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் கருவியைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். மவுத்பீஸும் ரீடும் கடையில் கொடுத்தது எதுவோ அதுதான். ஆனால் ஒலி பிறப்பதே அந்த இரண்டில். அவற்றைப் பற்றி வகுப்புகளில் உலவும் நம்பிக்கைகள் சிலவற்றால் நல்ல மாணவர்கள்கூட வீணாகத் திணறுகிறார்கள்.

"இரண்டில் தொடங்கி மூன்று, நான்கு என்று ஏறினால்தான் தேர்ச்சி."

ரீடில் அச்சிட்டிருக்கும் எண் விறைப்பின் அளவு மட்டுமே. தடிமனைக்கூட அது சொல்வதில்லை. ஒரே ரகத்தில் 2-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் ஒரே அளவாகத்தான் சீவப்படுகின்றன. நாணல் தண்டுக்குத் தண்டு நாரின் உறுதி மாறுவதால், சீவிய பிறகு வளைத்துப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கும் வேறு. வாண்டோரன் நீலப் பெட்டியின் இரண்டரை, ரிகோ ஆரஞ்சுப் பெட்டியின் இரண்டரையைவிட விறைப்பானது.

ஆகவே எந்த மவுத்பீஸ் என்று சொல்லாமல் ரீடு எண்ணை மட்டும் பேசிப் பயனில்லை. மவுத்பீஸ் நுனிக்கும் ரீடு நுனிக்கும் நடுவே உள்ள திறப்பு வாண்டோரன் எம்13-இல் சுமார் 1 மி.மீ., பி45-இல் சுமார் 1.2 மி.மீ. கண்ணுக்குப் பிடிபடாத இந்த வித்தியாசம் உதட்டுக்கு நன்றாகத் தெரியும். திறப்பு அகலமானால் ரீடு இளகலாக இருக்க வேண்டும். குறுகலானால் சற்று விறைப்பு தாங்கும். தொடங்கும் பிள்ளைக்கு யமஹா 4சி போன்ற நடுத்தரத் திறப்பும் 2 அல்லது இரண்டரை எண் ரீடும் பொருந்தும். ஒலியோடு காற்றுச் சீறலும் கேட்டு, பிள்ளை கீழுதட்டைக் கடித்து வாசித்தால் ரீடு விறைப்பு அதிகம். மேல் ஸ்வரங்கள் மெலிந்து சுருதி இறங்கினால் இளகல் அதிகம். அரை எண் மாற்றிப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளை மூன்றில் வாசிக்கிறானே என்ற போட்டி வேண்டாம், அது தாடையைத்தான் கெடுக்கும்.

"கீச்சிட்டால் ரீடு கெட்டுவிட்டது."

பெரும்பாலும் குற்றவாளி விரல். துளையை நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டு விரலைத் திருப்பிப் பாருங்கள். நுனிச் சதையில் வட்டம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. அடுத்ததாக ரீடு உட்கார்ந்திருக்கும் விதம். நேரே பார்த்தால் ரீடின் நுனிக்கு மேல் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். பக்கவாட்டில் சாயக் கூடாது. இவை சரியாக இருந்தும் கீச்சிட்டால் ரீடின் நுனியில் பிளவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

"நல்ல மவுத்பீஸ் கச்சேரி செய்கிறவர்களுக்கு."

நேர்மாறு. கைதேர்ந்தவர் மோசமான மவுத்பீஸையும் சமாளித்துவிடுவார், பிள்ளையால் முடியாது. பணம் அளவாக இருந்தால் கருவி சாதாரணமாக இருக்கட்டும், மவுத்பீஸை மாற்றுங்கள். வாங்கும் முன் ஆசிரியர் ஒருமுறை ஊதிப் பார்த்துவிட வேண்டும். பிறகு பிள்ளை மவுத்பீஸையும் அதை அடுத்துப் பொருந்தும் சிறு குழாயான பேரலையும் மட்டும் சேர்த்து ஊதட்டும். பி-பிளாட் கிளாரினெட்டில் ட்யூனர் 'ஈ' காட்டினால் வாய்வைப்பு சரி. வெகுவாக இறங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது, ஏறினால் கடிக்கிறது.

"ஒன்று தீர்ந்த பிறகு அடுத்த ரீடு."

நாகஸ்வரத்தில் கூடுதல் சீவாளிகள் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். வித்வான்கள் ஒரே சீவாளியை நம்பி மேடையேறுவதில்லை. கிளாரினெட்டுக்கும் நான்கு ரீடுகளை நாளுக்கொன்றாக மாற்றி வாசித்தால் ஒவ்வொன்றும் முழுதாக உலர்ந்து, நீடித்து உழைக்கும். புது ரீடை முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம். வாசித்து முடித்ததும் துடைத்து, தட்டையான உறையில் வையுங்கள். மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் நுனி நெளியும், ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும்.

மவுத்பீஸைக் கொதிநீரில் போட்டால் கிருமி சாகும் என்று சிலர் செய்கிறார்கள். பல மவுத்பீஸ்கள் எபோனைட்டால் ஆனவை; அது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். சூட்டில் நிறம் மாறி, கந்தக வாடை அடித்து, நுனியின் வளைவே பிசகிவிடும். வெதுவெதுப்பான நீரும் துளி சோப்பும் போதும்.