ஊரடங்கில் இல்லங்கள் அமைதியாக இருந்தனவா?

கொரோனா ஊரடங்கில் பெண்களுக்கு எதிரான கொடுமை குறைந்தது என்றும், அரசாங்கப் புள்ளிவிவரமே அதற்குச் சாட்சி என்றும், சட்டம் கற்ற நண்பர்களே தயக்கமின்றிச் சொல்லிவருவதைக் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019-இல் 4,05,326 ஆக இருந்த பெண்களுக்கெதிரான குற்றங்கள் 2020-இல் 3,71,503 ஆக இறங்கின என்பது மெய். ஆனால் அது காவல் நிலையத்தில் எழுதப்பட்ட வழக்குகளின் தொகையேயன்றி, வீட்டினுள் விழுந்த அடிகளின் தொகையன்று என்னும் பாலபாடத்தை இவர்களுக்கு யார் போதிப்பது?

பேருந்துகள் நின்று, தாய்வீட்டுக்குச் செல்லும் மார்க்கம் அடைபட்டு, வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியும் அடிப்பவனுடைய சட்டைப்பையில் கிடந்தபோது, ஒருத்தி எவ்விதம் புகார் கொடுப்பாள்? குழாயைத் திறந்துவிட்டு அந்த இரைச்சலில் குரலை மறைத்துக்கொண்டு குளியலறையிலிருந்து என்னை அழைத்த ஒரு பெண், கதவு தட்டப்பட்டதும் பேச்சை வத்தக்குழம்புக்கு மாற்றினாளே, அவளுடைய துயரம் எந்த அட்டவணையில் ஏறிற்று? தபால் முடங்கியதால் ஏழைப் பெண்கள் தேசிய மகளிர் ஆணையத்துக்கு அனுப்பும் முறையீடுகள் தடைப்பட்டிருந்தும், 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை குடும்ப வன்முறை குறித்து 239 புகார்கள் அங்கே சென்றன. அதற்கு முந்தைய 25 நாட்களில் சென்றவை 123. பேச இயலாதவள் எழுதியேனும் தெரிவிக்கட்டும் என்று ஆணையம் ஏப்ரல் 10 அன்று வாட்ஸ்அப் எண்ணொன்றை அறிவிக்க நேர்ந்தது. சாதாரண காலத்திலேயே நம் பெண்கள் வாய்திறப்பது அபூர்வம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியோர் 14 சதவீதமே.

மதுவே சகலத்துக்கும் மூலகாரணம் என்போர், மேற்சொன்ன புகார்கள் பெருகிய வாரங்களில் மதுக்கடைகள் மூடிக் கிடந்ததை மறக்கிறார்கள். இது குடிசைகளின் பிரச்சினை என்பதோ வாதத்துக்கே தகுதியற்றது. பட்டதாரிகளின் மனைவியரும் மனுவோடு வருகிறார்கள்.

"அவள் வெளியேறியிருக்கலாமே" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. வெளியேற வேண்டியவள் அவளா? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், 17-ஆம் பிரிவு இருவரும் சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையை அவளுக்கு அளிக்க, 19-ஆம் பிரிவு அடித்தவனையே வெளியேறும்படி உத்தரவிட மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. 23-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவும் கிடைக்கும். ஆகவே மனு எழுதும் வழக்கறிஞர்கள் ஜீவனாம்சத்தோடு நின்றுவிடாமல், அடித்தவனை வெளியேற்றும் உத்தரவையே முதற்கோரிக்கையாக வைக்கட்டும். 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைக்கும் பெண்ணும், மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை நாடுபவளும், விடுதியில் இடம் கேட்குமுன் அதையே கேட்கட்டும்.