பண்ருட்டியின் பலாவும் முந்திரியும்

கடலூர் மாவட்டத்தில் கெடில நதிக்கரையில் விளங்கும் திருவதிகை, தமிழ் மக்கள் நன்கறிந்த பழம்பதியாகும். அட்ட வீரட்டானங்களுள் ஒன்று இங்குளது. திலகவதியார் திருத்தொண்டு புரிந்ததும், அவருடைய தம்பியாராகிய திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கப் பெற்றதும் இவ்வூரிலே எனப் பெரியபுராணம் கூறும். இத்திருவதிகை இன்று பண்ருட்டி நகராட்சியின் ஒரு பகுதியாகும். கோயிலைக் காண வருவோர் பலர்; இந்நகரம் எதனால் வாழ்கிறது என்று ஆராய்வோர் சிலரே. கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நமக்கு அவ்வாராய்ச்சி பெரிதும் பயன்படும்.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பண்ருட்டியின் மக்கள்தொகை ஏறத்தாழ 60,000 ஆகும். நகராட்சி என்ற பெயர் இருப்பினும், சுற்றியுள்ள சிற்றூர்களின் விளைச்சலே இதன் உயிர்நாடி. நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நகரம் மணிலாக்கொட்டை வியாபாரத்திற்குப் பெயர்பெற்றிருந்தது. இவ்வட்டாரத்தின் மணிலாப் பருப்பு, புதுச்சேரி முதலிய துறைமுகங்களின் வழியாகப் பிரான்சு நாட்டிற்கும் சென்றது. அருகிலுள்ள பாலூரில் 1905 ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பெற்றது.

இன்றைய புகழ் பலாவினாலும் முந்திரியினாலும் வந்தது. பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் முதலிய ஊர்களின் செம்மண் நிலம் இவ்விரண்டிற்கும் ஏற்றது. முந்திரி நம் நாட்டு மரமன்று. பிரேசிலிலிருந்து 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொணர்ந்தது. பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிக்கொட்டை விழும். சித்திரை முதல் ஆடி வரை பலாப்பழம் வண்டியேறும். உள்ளூர்க் கொட்டை ஆண்டு முழுவதற்கும் போதாமையால், இங்குள்ள உடைப்பாலைகள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டையைத் தருவிக்கின்றன.

மரப்பயிரின் செல்வம் நிலையானது என்று எண்ணியிருந்தோர்க்கு 2011 டிசம்பர் 30 ஆம் நாள் ஒரு பாடம் கற்பித்தது. அன்று கரையைக் கடந்த தானே புயலில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். விதையிட்டு வளர்த்த பலாவோ காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அவ்விடைக்காலத்தில் பயிரிடுவோரைக் காப்பது சேமிப்பும் காலத்தில் கிடைக்கும் கடனுமேயன்றி வேறில்லை.

புயல் எப்போதோ வருவது. ஆண்டுதோறும் வரும் நஷ்டம் ஒன்றுண்டு. இவ்வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் புத்தகங்களைப் பார்வையிடச் சென்றிருந்தபோது முதிய அங்கத்தினர் ஒருவர் என்னிடம், "ஐயா, மரம் என்னுடையது, காய் வேறொருவருடையது" என்றார். மாசியில் மரம் பூத்திருந்தபோதே அவசரச் செலவுக்காக மகசூலைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அவ்வாண்டு காய்ப்பும் விலையும் நன்றாயிருந்தன. இலாபம் குத்தகைதாரரைச் சேர்ந்தது. காய்க்காது போயிருப்பின் நஷ்டம் குத்தகைதாரருடையது என்பது உண்மையே. எனினும், அந்த அச்சத்திற்காக அங்கத்தினர் விட்டுக்கொடுத்த தொகை மிகப் பெரிது. சில ஆயிரம் ரூபாய்க் கடன் உரிய காலத்தில் கிடைத்திருக்குமாயின் அவர் பூவை விற்றிருக்க மாட்டார்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. முன்பணமும் நூலும் தந்த முதலாளிக்கே துணியைக் கொடுத்து, அவர் சொன்ன கூலியை வாங்கிய காலத்தை அவர்கள் அறிவார்கள். அந்நிலையை மாற்றுவதற்கே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தலைமைச் சங்கம் 1935 இல் அமைந்தது.

இனி, கொட்டையைத் தாமே விற்போரும் நஷ்டமடையும் வழி ஒன்றைக் காண்போம். கொட்டையின் மதிப்பு அதன் எடையில் இல்லை. உள்ளிருக்கும் பருப்பில் இருக்கிறது. வியாபாரி இதை அறிவார். நாமும் அறிதல் வேண்டும். சோதனை எளிது. மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் கொட்டை எடுத்துக் கலந்து, அதில் ஒரு கிலோ நிறுத்துக்கொள்க. அவற்றை உடைத்து, பொக்கும் பூச்சி அரித்ததும் நீக்கி, நல்ல பருப்பை மட்டும் நிறுக்க. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலால் கையில் உறை அணிதல் அவசியம்.

ஒருவர் கொட்டையில் 275 கிராம் பருப்பும், மற்றொருவர் கொட்டையில் 225 கிராம் பருப்பும் கிடைத்ததாகக் கொள்வோம். 80 கிலோ மூட்டைக்கு முன்னவருக்கு 22 கிலோ, பின்னவருக்கு 18 கிலோ. பருப்பு கிலோ ரூ. 600 என்று வைத்துக்கொண்டால், மூட்டை ஒன்றுக்கு வேற்றுமை ரூ. 2,400. சோதியாமல் ஒரே விலைக்கு விற்றால் நல்ல சரக்குடையவரே இழப்பவர். பருப்பின் பருமனும் விலையை மாற்றும். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில் எத்தனை முழுப்பருப்பு நிற்கிறது என்பதைக் கொண்டே 180, 240, 320 என்று தரம் பிரிக்கின்றனர். எண் குறையக் குறைய விலை ஏறும்.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. பூக்கும் பருவத்திற்கு முன்பே அங்கத்தினரின் கடன் தேவையைக் கேட்டறிந்து ஆவன செய்தல் முதலாவது. கொட்டையை இரண்டு மூன்று நாள் நன்கு வெயிலில் உலர்த்தி, சோதித்து, தரவாரியாக ஒன்றுசேர்த்து விற்பது இரண்டாவது. விலை தாழ்ந்திருக்கும்போது விற்காமல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் போன்ற இடங்களில் பொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற உதவுவது மூன்றாவது.

இவற்றுள் எதற்கும் பெருமுதல் தேவையில்லை. ஒரு தராசும், ஒரு கணக்குப் புத்தகமும், ஒருவரையொருவர் நம்பும் மனமும் இருந்தால் போதும். அடுத்த மாசியில் மரங்கள் பூக்கும்போது, நமது அங்கத்தினர் எவரும் பூவை விற்க நேராதவாறு சங்கம் பார்த்துக்கொள்ளுமாக. மரம் எவருடையதோ காயும் அவருடையதாதல் வேண்டும்.