வலது காலில் கியர்

காலடிப்பேட்டை
வடிவுடையம்மன் துணை

அன்புள்ள தம்பிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்திக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. போன் போட்டால் நீ “சரி சித்தப்பா, சரி சித்தப்பா” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அண்ணி நேற்று வந்திருந்தார். அப்பாவுடைய புல்லட் சாவியும் ஆர்.சி. புத்தகமும் கேட்டாயாம். சனிக்கிழமை ராத்திரி செட்டோடு காசிமேட்டில் கிளம்பி, எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூர் போய், அப்படியே பழவேற்காடு என்று திட்டமாம். அண்ணி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

வண்டி அண்ணன் வாங்கியது, இனி உன்னுடையது. முடிவும் உன்னுடையதுதான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு, அவ்வளவுதான்.

நீ ஓட்டிப் பழகியது பல்சர். இடது காலில் கியர், வலது காலில் பிரேக். அப்பாவுடையது 1984 வண்டி. அதில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். தெரியும் என்பாய். தெரிவது வேறு, காலுக்குத் தெரிவது வேறு தம்பி. நம் ஊர் புல்லட் கம்பெனி 1956-இல் ஆரம்பித்து முதல் வருஷம் பூட்டிய 163 வண்டியிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் ரெட்டிச்சில் வெள்ளைக்காரன் போட்டுக் கொடுத்த அமைப்பு. அங்கே 1967-இல் அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். இங்கே நிறுத்தவில்லை. 1977-இல் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே போனபோதும் கியர் வலது பக்கம்தான். இடது காலுக்கு மாறியது 2000-க்குப் பிறகு.

இன்னொன்றையும் கவனி. முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். நீ பதறிப்போய் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினால் வண்டி நிற்காது. மேல் கியருக்குப் போய் இன்னும் இழுக்கும். கியரைக் குறைக்கலாம் என்று இடது காலை வைத்தால் பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டு வழுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. நாற்பது அடி கன்டெய்னர் 12 மீட்டர்தான். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் இடது ஓரமாக வரிசை கட்டி நிற்பதை நீ பார்க்காதவனா? பின்விளக்கு எரியாது, டிரைவர் கேபினில் தூங்கிக்கொண்டிருப்பார். உன் வண்டியில் இருப்பதோ ஆறு வோல்ட் விளக்கு. இருட்டில் அந்த இரும்புச் சட்டம் கண்ணில் படுகிற நேரத்தில் எந்தக் கால் பிரேக் என்று யோசிக்க உனக்கு அவகாசம் இருக்காது.

தேரடி டீக்கடையில் உன் செட்டு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் பையன் டோல்கேட்டிலிருந்து எண்ணூருக்கு இத்தனை நிமிஷம் என்றான். அடுத்தவன் அதில் இரண்டு நிமிஷம் குறைத்தான். அந்த மாதிரிக் கதையைச் சொன்னவன் நிரூபிக்க ரோட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

நாங்களும் வண்டிக் கதை பேசியவர்கள்தான். ஷிப்ட் விட்டதும் கம்பெனி கேட் எதிரே அதே பேச்சுதான். உன் அப்பாவுக்குப் பொன்னேரி தாண்டி கிளட்ச் கேபிள் அறுந்த கதை உனக்கே மனப்பாடம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைக் குறைத்துக் குறைத்து அடுத்தடுத்த கியரை மாற்றி வந்தாரே! மீஞ்சூர் ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே முதலிலிருந்து மறுபடி தள்ளல். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டார்களாம். அந்தக் கதையைக் கேட்டவன் ஒவ்வொருவனும் மறுநாளே டூல் பாக்ஸில் ஒரு உபரி கேபிள் வாங்கிப் போட்டான். வேகம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் சோழவரம் போனார்கள். பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலம். இப்போது அதற்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது. எதிரே டிரெய்லர் வராத ரோடு. உனக்கு அந்த ஆசை இருந்தால் சொல், பணம் நான் கட்டுகிறேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. அண்ணன் போன பிறகு உன் மாமா அந்த வண்டியைக் காசிமேட்டுக்குக் கொண்டுபோய் மழையிலும் உப்புக் காற்றிலும் போட்டாரே, ஒரு தார்ப்பாய் போட்டு மூட ஆளில்லையா? டேங்கில் இருந்த தங்கக் கோடு கையால் இழுத்தது. ஸ்டிக்கர் இல்லை. தூரிகையைத் தொட்டு, மூச்சை அடக்கி, டேங்கின் வளைவோடு ஒரே இழுப்பு. அந்தக் கை வேலையின் மேல் கறுப்பு பெயின்ட்டை அடித்து அனுப்பினார். உன் நண்பர்கள் ‘மேட் பிளாக் செம’ என்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பெயின்ட்டோடு போகட்டும், கேபிளின் உறைக்குள்ளே துரு பிடித்திருக்கிறது. ஸ்போக்கைத் துணியால் துடைத்தால் செம்மண்ணாக வருகிறது. அண்ணி உன் மாமாவை ஒன்றும் கேட்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. எனக்கு அது வராது.

சரி. இரண்டு வழி இருக்கிறது. சனிக்கிழமை அவர்களோடு போவது ஒன்று. நான் குறுக்கே நிற்க மாட்டேன். இன்னொன்று, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் இங்கே வா. பெருமாள் கோயில் தெருவில் அந்த நேரத்தில் பால்காரரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, விட்டு உதைக்கச் சொல்லித் தருகிறேன். கால் பழகும் வரை தெருவிலேயே ஓட்டலாம். அப்புறம் ஒரு நாள் பகலில் நாம் இரண்டு பேருமே பழவேற்காடு போய்வரலாம். யோசித்துச் சொல். ஒரு விஷயம், முன் பிரேக் ஷூ தேய்ந்திருந்தது, நேற்றே சக்கரத்தைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைக்குள் வராது.

திட்டுவதாக நினைத்துக்கொள்ளாதே கண்ணா. நீ நிதானக்காரன், எனக்குத் தெரியும். உன் வயசில் உன் அப்பாவுக்கு இருந்ததைவிட உனக்குப் பொறுமை அதிகம், இதை அண்ணியிடமே சொன்னேன். உன் செட்டுப் பையன்களும் நல்ல பிள்ளைகள்தான், அவர்களையும் கூட்டி வா. சித்தி சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன் என்கிறாள். டயர் இரண்டும் புதிதாகப் போட்டுவிடலாம், செலவு என்னுடையது. டேங்கைச் சுரண்டிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரவும் ஆள் பார்த்திருக்கிறேன். உனக்குக் கறுப்புதான் பிடித்திருக்கிறது என்றால் கறுப்பே இருக்கட்டும், அதற்காக வராமல் இருந்துவிடாதே. ஹெல்மெட் கொண்டு வா. காலைச் சாப்பாடு இங்கேதான் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு
உன் சித்தப்பா