ஸ்பொன்சர் போட்ட பிறகு

எங்கள் ஊரில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் கலியாணம் முடிந்து மூன்று, நாலு கிழமையில் அவர் திரும்ப விமானம் ஏறிவிடுவார். வேலைத்தளத்தில் கிடைத்த லீவு அவ்வளவுதான். பெண் கூறைச்சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு அம்மா வீட்டிலோ மாமி வீட்டிலோ இருப்பாள். கலியாணம் முடித்தவளுக்கு உரிய வீடு அவளுக்கு இன்னும் இல்லை. முன்பு இருந்த சுதந்திரமும் இல்லை. எங்கே போனாலும் விசாவைப் பற்றித்தான் கேட்பார்கள்.

நான் சுன்னாகத்தில் படிப்பித்துக்கொண்டு அப்படிக் காத்திருந்தவள். இப்போது கனடாவின் ஸ்காபறோவில் இருந்து இதை எழுதுகிறேன். வடக்கில் இன்றைக்கும் காத்திருக்கிற தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: விசாக் கோப்பு நகர்வதையும் உங்கள் நாள் நகர்வதையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். கோப்பில் உங்கள் கையில் இருப்பது பாதிதான். அந்தப் பாதியைக் கவனமாகச் செய்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை உங்களுக்கென்று திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கணவன் அல்லது மனைவியை அழைக்கிற விண்ணப்பத்தில் ஐ.எம்.எம். 5532 என்றொரு படிவம் இருக்கிறது. உங்களை யார் அறிமுகப்படுத்தினது, முதலில் நேரில் எப்போது கண்டீர்கள், கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பிறகு எப்படித் தொடர்பில் இருக்கிறீர்கள் என்றெல்லாம் அதில் கேட்பார்கள். பேச்சுக்கலியாணம் செய்தவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவதுண்டு. பயப்பட ஒன்றுமில்லை. சாதகம் பார்த்தது யார், எந்த மாமா பேசினார், முதல் தொலைபேசியில் என்ன கதைத்தீர்கள் என்பதை நடந்தபடியே எழுதுங்கள். எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிற முறைகள் அங்கே கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்குப் புதிதாக இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் ஓரிரு வரியில் விளக்குவது நல்லது. நாங்கள் இருவரும் தொலைபேசியில் ஒரே நேரத்தில் இருந்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து நிரப்பினோம். படிவம் நிரம்பிய நேரத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்துகொண்டதும் நிறைய.

பதிவு எழுத்து நடக்கும்போது இருவரும் நேரில் நின்றிருக்க வேண்டும். பதிலாள் வைத்தோ தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த திருமணங்களைக் கனடா 2015 ஜூனுக்குப் பிறகு இந்த வகை விண்ணப்பத்துக்கு ஏற்பதில்லை.

அடுத்தது பெயர். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். எங்களில் தகப்பன் பெயர் முன்னால் வரும், எங்கள் பெயர் பின்னால் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று என்று இருக்கும். ஒரு கொப்பியில் கோடு போட்டு, எந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, அதையும் சேர்த்து அனுப்பலாம். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கிற சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைக் காட்டிவிட்டு வாருங்கள்.

மெடிக்கலை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். அது பொதுவாக 12 மாதத்துக்குத்தான் செல்லும். கடிதம் வரும், வந்த பிறகு கொழும்பில் அவர்கள் அங்கீகரித்த வைத்தியரிடம் போனால் போதும். கைரேகைக்கான கடிதம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள், 30 நாள்தான் தருவார்கள். 

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் கனடா அரசாங்கம் இந்தக் கோப்புகளை 12 மாதத்தில் முடிப்போம் என்று அறிவித்தது. அதற்கு முன்பு இரண்டு வருடம் வரை இழுத்த காலம் இருந்தது. ஆனால் 12 மாதம் என்பது அவர்கள் வைத்திருக்கிற இலக்கு. எங்கள் கோப்பு கொரோனாவால் தேங்கிய கோப்புகளுக்குப் பின்னால் நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எட்டு மாதத்தில் வந்தது என்று யாராவது சொன்னால், அது அந்தப் பிள்ளையின் கோப்பு. ஒரே நாளில் போட்ட இரண்டு பேருக்கே வேறு வேறு மாதத்தில் வருகிறது.

அங்கே இருக்கிறவருக்கும் வேலை இருக்கிறது. உங்கள் சம்மதக் கையெழுத்துடன் கோப்பின் உள்குறிப்புகளை அவர் 5 டொலர் கட்டிக் கேட்டு எடுக்கலாம். தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கச் சொல்லலாம். இதற்குக் காசு வாங்கமாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர் என்றால் அவர் சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். 2021 இலிருந்து ஆலோசகர்களுக்கென்று ஒரு கல்லூரி இயங்குகிறது, அதன் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம். கொழும்பில் ஆள் தெரியும், கோப்பைத் தள்ளிவிடலாம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கோப்பைப் பற்றி இவ்வளவு போதும். மனதை அரிப்பது அதற்கு வெளியே இருக்கிறது.

கோடைகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் பத்தரை மணித்தியாலமாகிவிடும், பிறகு மார்ச்சில்தான் பழையபடி. நான் விடிய ஐந்தரைக்கு எழும்பினால் அவருக்கு முதல்நாள் இரவு எட்டு மணி. அவர் காலை ஆறுக்கு எழும்பும்போது நான் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் மூன்றரைக்கு இருப்பேன். ஒரு நாளில் எங்களுக்குக் கிடைத்தது இந்த இரண்டு இடைவெளிதான். 2022 இல் மின்வெட்டு நேர அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்போம்.

தொடக்கத்தில் எல்லா அழைப்பும் விசாவில்தான் தொடங்கும். ஏதும் வந்ததா, இணையப் பக்கத்தில் ஏதும் மாறியிருக்கிறதா, நண்பனுக்கு என்ன நடந்தது என்று அரை மணித்தியாலம் போய்விடும். பிறகு இருவரும் களைத்துப்போய்ப் போனை வைப்போம். அதன்பிறகுதான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். விசாக்கதை ஞாயிற்றுக்கிழமை மட்டும். மின்னஞ்சல் பார்ப்பதும் கோப்பின் நிலை காட்டும் பக்கத்தைத் திறப்பதும் அன்றைக்கு அவர் பொறுப்பு. கடிதம் ஏதும் வந்தால் மட்டும் எந்த நாளும் சொல்லலாம். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சு இல்லை. இந்த ஒரு ஏற்பாடு எங்களைக் காப்பாற்றியது என்று நான் மனதாரச் சொல்வேன். இருவரில் ஒருவர்தான் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இருவரும் பார்த்தால் ஏமாற்றமும் இரண்டாகிறது.

மற்ற நாட்களில் என்ன கதைப்பது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் சொதி வைக்கும்போது நான் பக்கத்தில் நின்று சொல்வது போல, தேங்காய்ப்பாலை எப்போது விடுவது, அடுப்பை எப்போது குறைப்பது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நான் பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போது போனை மேசையில் சாய்த்துவைத்துவிடுவேன். அவர் அங்கே உடுப்பு மடிப்பார். பத்து நிமிடம் ஒருவரும் ஒன்றும் பேசமாட்டோம். ஒரே வீட்டில் இருக்கிறவர்களும் அப்படித்தானே பாதி நேரம் இருக்கிறார்கள்.

அவரிடம் அவருடைய ஊரைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற பஸ், பனி கொட்டுகிற தெரு, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் என்ன விலை, அவர் இருக்கிற பேஸ்மென்ற் அறையின் சின்ன யன்னல், எல்லாவற்றையும். இரண்டு நன்மை. நீங்கள் போய் இறங்கும்போது அந்த இடம் அந்நியமாக இருக்காது. அவர் படுகிற தனிமையும் உங்களுக்கு விளங்கும். ஊரில் இருக்கிற எங்களைச் சுற்றி அம்மா, அக்கா, கோயில், பள்ளிக்கூடம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். அவரோ இரவு வேலை முடிந்து வந்து குளிர்ந்த சோற்றைச் சூடாக்கித் தனியே சாப்பிடுகிறவர். அவர் குரல் சுருங்கினால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாமல், சாப்பிட்டீங்களா, எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஊரவர் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். கோயில் வீதியில், கலியாண வீட்டில், சந்தையில் எல்லாம் “இன்னும் விசா வரேல்லையோ பிள்ளை?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் அன்போடு கேட்கிறவர்கள்தான், கேட்கப்படுகிறவளுக்குத்தான் ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும். நான் அப்பாவிடம் சொன்னேன், “ஆர் கேட்டாலும் நீங்கள் மறுமொழி சொல்லுங்கோ, நான் சொல்லமாட்டன்” என்று. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். மாமியிடம் நேரடியாகவே, “வந்தால் முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன் மாமி” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு, தங்களை விட்டுவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை கிடைத்தாலே போதும்.

எங்கே இருப்பது என்பதை மாப்பிள்ளை போவதற்கு முன்பே இரு வீட்டாரும் இருந்து பேசி முடிவெடுங்கள். கிழமை நாட்களில் அம்மா வீடு, சனி ஞாயிறு மாமி வீடு என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனால் கணவன் இல்லாத வீட்டில் மருமகளை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை, மாமிக்கும் நியாயமில்லை.

வேலையை விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எப்படியும் போகப்போகிறாய்தானே என்று வீட்டில் சொல்வார்கள், பொறுப்பாளர்களும் புதுப் பொறுப்பு தரத் தயங்குவார்கள். விசா கையில் வரும்வரை வேலை உங்களுடையது. சம்பளம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். அவர் அனுப்புகிற காசு வேறு, நீங்கள் உழைக்கிற காசு வேறு. அரச வேலை என்றால் சம்பளமற்ற விடுமுறை பற்றி முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

காத்திருக்கிற நேரத்தில் செய்துவைத்தால் அங்கே காசும் அலைச்சலும் மிச்சமாகிற காரியங்கள் சில உண்டு. பல்லைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி பெரியவர்களின் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் கொடுக்காது. கண்ணாடி தேவையென்றால் அதையும் ஊரிலேயே எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகப் புள்ளிச் சான்றிதழ்களை அங்கே மதிப்பிடக் கொடுக்கும்போது பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போது அலுவலகத்துக்கு ஒருமுறை போய் நடைமுறையை அறிந்து வந்தால் பிறகு பெரிய உதவி. நகைகளைப் படம் எடுத்து, பெறுமதியோடு பட்டியல் போட்டு வையுங்கள். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் அதில் இருக்கட்டும். முதல்முறை இறங்கும்போது சுங்கத்தில் அந்தப் பட்டியலைக் கொடுக்கலாம்.

இடையில் குழந்தை உண்டானால் அது சந்தோசமான செய்தி. பிறந்தவுடன் கனடாவின் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவித்துவிட வேண்டும். பிறகு பார்ப்போம் என்று கோப்பில் காட்டாமல் விட்ட பிள்ளையைப் பின்னர் ஸ்பொன்சர் செய்வது மிகவும் கடினம். இதில் மட்டும் ஒருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

கடைசியாகப் பெண்ணைப் பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருத்தம் பார்க்கிறபோதே மாப்பிள்ளை வீட்டாரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். அவர் சிட்டிசனா, பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) மட்டுமா, அல்லது அகதி வழக்கு இன்னும் முடியாதவரா? பி.ஆர். என்றால் ஸ்பொன்சர் செய்கிற காலத்தில் அவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். வழக்கு முடிந்து பி.ஆர். கிடைக்காமல் மனைவியை அழைக்க முடியாது. அவரே முன்பு ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் போனவர் என்றால், பி.ஆர். கிடைத்து ஐந்து வருடம் ஆகவேண்டும். முன்பு ஒருவரைத் துணையாக அழைத்தவர் என்றால், அந்த மூன்று வருடப் பொறுப்பு முடிந்திருக்க வேண்டும். சீதனத்தை எவ்வளவு விரிவாகப் பேசுகிறோம், இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். கேட்டால் நல்ல குடும்பம் கோபிக்காது. பத்திரங்களைக் காட்டச் சொல்லுங்கள், கோப்பு எந்த மாதம் போடுவார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதன்பிறகு நாள் வையுங்கள்.