எந்தச் சட்டத்தின்கீழ் கைது?

செலாயாங்

அன்புள்ள பேரனுக்கு,

விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்கும் அதிகாரத்தை மலேசியாவில் நிலைநிறுத்தியது 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா. காவல்துறை 60 நாள் வரை வைத்திருக்க முடிந்தது. பிறகு அமைச்சர் கையெழுத்திட்டால் ஈராண்டு. அதையும் நீட்டித்துக்கொண்டே போக முடிந்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்கவே என்று சொல்லப்பட்ட இச்சட்டம், 1987 அக்டோபரில் 'ஒப்பராசி லாலாங்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகள், சமூக ஆர்வலர்கள் மீது பாய்ந்தது. வி. டேவிட், பி. பட்டு போன்ற தமிழ்த் தலைவர்களும் பிடிபட்டனர். 2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணிக்குப் பின் அதன் தலைவர்கள் ஐவர் இசாவின்கீழ் கமுண்டிங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மனோகரன், உள்ளே இருந்தபடியே 2008 தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா தொகுதியை வென்றார். மக்கள் தேர்ந்தெடுத்தும் 2009 மே மாதம்தான் விடுதலை கிடைத்தது.

2012-இல் இசா போய், பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சொஸ்மா வந்தது. இதன்கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே 28 நாள் வைத்திருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டபின் ஜாமீன் கிடைப்பதும் அரிது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேர் கைதாயினர். 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. சிறையில் கழிந்த மாதங்கள் திரும்பவில்லை. குண்டர் கும்பல் வழக்குகளிலும் இதே சட்டம் பாய்கிறது. அடைபட்டவன் ரவுடிதானே என்று கைதட்டுவது தவறு. நீதிபதி பார்க்காத அதிகாரம் யார்மீது திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சாதாரணக் கைதிலும் ஆபத்து உண்டு. 2021 ஏப்ரலில், கோம்பாக் காவல் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பால் வியாபாரி ஒருவர் செலாயாங் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

ஆகவே, தெரிந்தவர் யாரும் பிடிபட்டால் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின்கீழ், எந்தக் காவல் நிலையத்தில் என்பதுதான். அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவுப்படி கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். சாதாரணக் கைதில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சொஸ்மாவில் வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போட முடியும் என்பதால், குடும்பத்தார் உடனே வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ மனித உரிமை அமைப்பான சுவாராமையோ நாடுவது நல்லது. கைதான நேரம், பேசிய அதிகாரியின் பெயர், கைதியின் நோய், மருந்து எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். உடம்பில் காயம் தெரிந்தால் மாஜிஸ்திரேட்டிடமே சொல்லிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்; மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் புகார் கொடுக்கலாம்.

அன்புடன்,
தாத்தா