களப்பிலும் குளத்திலும் இறால் பிடித்தல்
வன்னிக் கமக்காரருக்கான விளக்கம்

காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்தபின், சிறுபோக வேலை தொடங்குமுன், வன்னிக் கமக்காரருக்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கின்றது. அக்காலத்தில் முள்ளியவளை, தண்ணீரூற்று, கேப்பாப்பிலவு முதலிய ஊரவர் நந்திக்கடற் கரைக்கும், தெற்கேயுள்ளோர் நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளுக்கும், கிளிநொச்சி, வவுனியா வாசிகள் தத்தம் பெருங்குளங்களுக்கும் மாலைவேளையில் கூடும் வலையும் கொண்டு செல்வதுண்டு. வீட்டுக் கறிக்கு வேண்டிய இறால் கிடைத்தாற் போதும் என்பதே அவர்தம் நோக்கம். ஆயினும் ஓய்வுக்காகப் பிடிப்பவரின் கூடும், அதனையே சீவனோபாயமாகக் கொண்டவரின் வலையும் ஒரே நீரிலேயே இறங்குகின்றன. ஆகையால் எவ்விறாலை, எவ்விடத்தில், எக்கருவியாற் பிடிக்கலாம் என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

இறாலின் இருவழி

களப்பில் அகப்படும் வெள்ளை இறாலும் கறுப்புப் புலி இறாலும் அங்கே பிறந்தவை அல்ல. தாய் இறால் கடலிலேயே முட்டையிடுகின்றது. பருத்த புலி இறால் ஒன்று ஒரே முறையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. முட்டை ஒரு நாளளவில் பொரித்து, குஞ்சு இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து உருமாறியபின், அலையோடும் வற்றுப்பெருக்கோடும் தொடுவாய் வழியே களப்பினுட் புகுகின்றது. அங்குள்ள சேறும், நீர்ப்பாசியும், வயல்களிலிருந்து வழிந்துவரும் உரமான நீரும் அதற்கு ஊட்டமாகின்றன. மூன்று நான்கு மாதம் வளர்ந்தபின் அது மீண்டும் தொடுவாயைக் கடந்து கடலுக்குச் செல்லும். சென்றாலன்றி இனம் பெருக்காது. தொடுவாயின் முக்கியத்துவத்தை முன்னோர் நன்கறிந்திருந்தனர் போலும். கொக்குத்தொடுவாய் என ஊருக்கே அப்பெயர் இட்டிருக்கின்றனர்.

குளத்து இறாலின் வழி இதற்கு மறுதலையானது. நீண்ட நீலக் கால்களையுடைய பெரிய நன்னீர் இறால் ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டைகளை வாலின்கீழ்ச் சுமந்துகொண்டு உவர்நீரை நாடிக் கீழிறங்கும். அதன் குஞ்சு உவர்நீரிலன்றிப் பிழைக்காது. கனகராயன் ஆறு சுண்டிக்குளக் களப்பில் விழுவது உண்மையே. ஆனால் இடையே இரணைமடு அணைக்கட்டு நிற்கின்றது. குஞ்சுகள் அணையேறி மீளுதல் அரிதாகையால், குளங்களில் உள்ள பெரிய நன்னீர் இறால்கள், தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் பொரிப்பகங்களிற் பெற்ற குஞ்சுகளை விடுவதாலேயே கிடைப்பவை. அவை தாமாகப் பெருகா. குளத்து மீன்பிடிச் சங்கத்தார் விட்டு வளர்க்கும் இறால், அயலவன் நாற்றுமேடையை ஒத்தது. சங்கத்தின் அனுமதியின்றி அதில் கைவைத்தல் தகாது.

கூடும் வலையும்

எவ்விறாலும் இரை வைத்த கூட்டினுட் புகும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நன்னீர் இறால் இரையின் மணத்தை நாடிக் கூட்டினுள் எளிதிற் புகும். களப்பு இறாலோ பகலிற் சேற்றுள் புதைந்திருந்து, இரவில் வெளிப்பட்டு, நீரோட்டத்தோடு அலைவது. அதற்குக் கூட்டைவிடக் கட்டுவலை, சிறகுவலை, வீச்சுவலை என்பனவே ஏற்றவை. களப்பில் இரைக்கூட்டை வைத்து வெறுங்கூட்டை எடுப்பவர் கூட்டைக் குறைகூறுவதிற் பயனில்லை.

குளத்துக்கான கூட்டை மூங்கிற் பிளாச்சு, பிரம்பு, பனையீர்க்கு ஆகியவற்றால் வீட்டிலேயே முடையலாம். நீண்டுருண்ட கூட்டின் ஒரு முனையில், உட்புறமாக ஒடுங்கிச் செல்லும் புனல் போன்ற வாய் அமைக்கப்படும். புனலின் உள்முனை ஈர்க்குகள் கூராகவும் வளையக்கூடியனவாகவும் இருப்பின், புகுந்த இறால் திரும்பாது. மறுமுனையில் இறாலை எடுப்பதற்கு ஒரு கதவு வேண்டும். இரைக்குத் தேங்காய்ச் சொட்டு, புண்ணாக்கு, மீன்தலை என்பன போதும். தேங்காய்ச் சொட்டைச் சற்றே வாட்டி வைத்தால் மணம் நன்கு பரவும். பொழுது சாயும் வேளையில், கல்லோ மரவேரோ உள்ள கரையோரத்தில், அடியிற் படியும்படி ஒரு கல்லைக் கட்டி இறக்கி, விடியற்காலையில் எடுத்தல் நன்று.

முடையும்போது கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, ஈர்க்குகளுக்கிடையே விரலொன்று நுழையும் இடைவெளி விடுதல். அதனூடே சிறியவை தப்பிச் செல்லும். இக்காலத்தில் விற்கும் நெருங்கிய கண்ணுடைய நைலோன் கூடுகளில் இது நிகழாது, ஈர்க்கிறாலும் மீன்குஞ்சும் அள்ளுண்டு போகும். இரண்டாவது, கதவை நைலோன் நூலாற் கட்டாது தும்புக் கயிற்றாற் கட்டுதல். வெள்ளத்தில் அடியுண்டு கூடு காணாமற்போனால், கயிறு உக்கிக் கதவு திறந்துகொள்ளும். நைலோன் நூலாற் கட்டிய கூடு நீரினடியில் எவருக்கும் பயனின்றி நெடுநாள் கொன்றுகொண்டே கிடக்கும்.

சிறியதைப் பிடிப்பதால் வரும் நட்டத்தைக் கணக்கிட்டும் பார்க்கலாம். பத்துக் கிராம் நிறையுள்ள புலி இறால் நூறு சேர்ந்தால் ஒரு கிலோ. அவை 30 கிராமாக வளரும்வரை விட்டுவைத்து, அதற்குள் பாதி மடிந்துபோயினும், எஞ்சிய ஐம்பதும் ஒன்றரைக் கிலோவாகும். விலையோ பருமனுக்கேற்ப ஏறும்.

இரவில் களப்பின் ஆழங்குறைந்த இடங்களிற் சூள் வெளிச்சத்துடன் நடந்து அத்தாங்கால் இறால் எடுப்பதும் வழக்கம். வெளிச்சத்தில் இறாலின் கண் தணல்போல் மின்னுவதால், பெரியதைத் தெரிந்தெடுக்கலாம் என்பது இம்முறையின் சிறப்பு. இருளில் முதலை உண்டென்பதை மறத்தலாகாது. 2009ஆம் ஆண்டு வரை போர் நடந்த கரைகளாகையால், அறிமுகமற்ற இரும்புப் பொருள் எதனையும் தொடாது பொலிசாருக்கு அறிவித்தலும் அவசியம்.

தொடுவாய்க்கு உள்ள காவல்

களப்பை விட்டு வெளியேறும் இறால் இரவில், நீர் வற்றும்போது, தொடுவாயின் ஒடுங்கிய நீரோட்டத்தில் திரளாகச் செல்லும். அவ்விடத்தில் குறுக்கே வலையிடுபவன் ஓரிரவிற் பெருந்தொகை அள்ளலாம். எல்லோரும் குறுக்கே இட்டால் கடலுக்குச் செல்ல ஒன்றும் மிஞ்சாது. நீர்கொழும்புக் களப்பில் இப்பிரச்சினைக்கு நெடுங்காலமாக ஓர் ஒழுங்கு உண்டு. அங்கே கட்டுவலைக்குரிய இடங்கள் நான்கு சங்கங்களின் உறுப்பினரிடையே திருவுளச்சீட்டு முறையிற் பகிரப்படுகின்றன. அவ்வழக்கமே 1958ஆம் ஆண்டு அரசாங்க ஒழுங்குவிதியாகவும் ஏற்கப்பட்டது. ஊரவர் தாமே வகுத்த ஒழுங்கு சட்டமாவதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

நந்திக்கடலில் வட்டுவாகல் தொடுவாய் கோடையில் மணலால் அடைபடும். மாரிவெள்ளத்தில் உடையும், அல்லது வெட்டிவிடப்படும். இதில் கமக்காரருக்கு நேரடித் தொடர்பு உண்டு. தாழ்ந்த வயல்களில் வெள்ளம் நின்று பயிர் அழுகும்போது தொடுவாயை விரைவில் வெட்டும்படி அவர் கேட்பர். நீர் உரிய மட்டத்துக்கு ஏறுமுன் வெட்டினால், வேகங்குன்றிய ஓட்டம் மணலை வாரிச் செல்லாது. வாய் மீண்டும் அடைபட்டு, இறாற்குஞ்சு உட்புகும் வழியும் மூடுண்டுபோகும். இருசாராரும் நியாயமுடையவரே. ஆகையால் வெட்டும் நாளை ஒரு சாரார் இரவோடிரவாகத் தீர்மானித்தல் கூடாது. கமக்காரர் அமைப்பும் மீன்பிடிச் சங்கமும் மாவட்டச் செயலகத்திற் கூடித் தீர்மானிக்க வேண்டியதொன்று அது.

சட்டம் கூறுவது

இலங்கை நீர்நிலைகளில் மீன்பிடியை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் ஆளுகின்றது. குறித்துரைக்கப்பட்ட மீன்பிடி முறைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பிடிப்பது விற்பனைக்கா கறிக்கா என்பதன்றி, எம்முறையாற் பிடிக்கப்படுகின்றது என்பதே இங்கு கவனிக்கப்படும். தள்ளுவலை 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளாற் தடுக்கப்பட்டுள்ளது. தங்கூசி வலையும் தடைசெய்யப்பட்டதே. வலை வாங்குமுன் கடற்றொழிற் பரிசோதகரிடம் கேட்பது பணத்தை மீதப்படுத்தும்.

சில இடங்களில் இன்னொரு சட்டமும் குறுக்கிடும். கொக்கிளாய் 1951ஆம் ஆண்டு பறவைச் சரணாலயமாகவும், சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகவும், நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்குகளாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டன. அவ்வெல்லைகளுள் வனசீவராசிகள் திணைக்களத்தின் கட்டுப்பாடும் உண்டு. புதிதாகச் செல்பவர் எல்லைக்கல் எங்குள்ளதென விசாரித்துச் செல்லவேண்டும்.

நஞ்சு

நஞ்சோ வெடியோ மயக்கும் பொருளோ இட்டு மீனையும் ஏனைய நீர்வாழ் உயிர்களையும் பிடிப்பதை மேற்படி சட்டம் முற்றாகத் தடுக்கின்றது. வயலுக்கு வாங்கிய பூச்சிகொல்லியை மடுவில் ஊற்றி இறால் பொறுக்குவோர் இதனைக் குற்றமென்றே எண்ணுவதில்லை. அவ்விறாலை உண்பவரும், அம்மடுவில் நீரருந்தும் மாடும் அதே நஞ்சை உட்கொள்வர்.

தெரியாமற் செய்யப்படுவதும் ஒன்றுண்டு. பூச்சியும் இறாலும் கணுக்காலுள்ள ஒரே பெருங்குலத்தவை. பூச்சியைக் கொல்லும் மருந்து, விசேடமாகப் பைரித்ரொயிட் வகை, மீனைக் கொல்லாத சிற்றளவிலும் இறாலைக் கொல்லும். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுவதும், வெற்றுப் போத்தலைக் குளக்கரையில் எறிவதும், மருந்தடித்த மறுநாளே வயல்நீரைத் திறந்துவிடுவதும் கீழேயுள்ள களப்பின் குஞ்சுகளைச் சென்றடையும். கருவியைக் கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே ஊற்றி, மருந்துச் சுட்டியிற் கூறிய நாள்வரை வரம்பைக் கட்டி நீரை உள்ளே நிறுத்தி வைத்தல் வேண்டும்.