அம்மாயியின் ரிப்போட் கடல் தாண்டும் முன்

ஹந்தானை மருமகளுக்கு,

இந்தியாவில் இருக்கும் கூடலூர்ப் பெரியம்மா வீட்டார் கேட்டதைச் சொன்னாய். அம்மாயியின் மார்பகப் புற்றுநோய் ரிப்போட்டுகளை எல்லாம் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலூரிலோ அடையாறிலோ பெரிய டொக்டர்களிடம் காட்டுகிறோம் என்றிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. அங்கே ஒருவர் பார்த்துச் சொல்லும் கருத்து வீண்போகாது. "அனுப்பலாமா அத்தை?" என்று கேட்டாய். அம்மாயியிடம் கேட்டாயா?

அவர் தலையசைத்தால் போதும் என்று நினைத்துவிடாதே. கூடலூரில் யாரிடம் போகப் போகிறது, என்னென்ன போகப் போகிறது, எதற்காக என்று மூன்றையும் அவருக்கு விளங்கும்படி சொல். "எல்லாம் உன் விருப்பம், ராசாத்தி" என்று அவர் சொன்னாலும் விடாதே, மறுபடி கேள். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் முடிவெடுக்கக் கேட்டுப் பழகியவர் அவர். இந்த முடிவாவது அவருடையதாக இருக்கட்டும்.

நம் இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வார்டில் நோய்க்குறிப்பு எழுதும் டிக்கட் அங்கேயே தங்கிவிடும். ஆனால் கிளினிக் கொப்பியும், வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டும் நோயாளியின் கையில்தான். ஹந்தானையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறும்போது அந்தப் பையை அம்மாயி மடியிலேயே வைத்திருப்பார், பார்த்திருப்பாய். யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பது இதுவரை அவர் கையில் இருக்கிறது. நீ படம் பிடிக்கும் நிமிடத்தில் அது உன் போனுக்கு மாறிவிடும். அப்படி மாறுவது அவருக்குத் தெரியாது, உனக்கும் தெரிந்திருக்காது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

இத்தாலியில் சல்வத்தோரே இயாகோனேசி என்றொரு கலைஞர் இருந்தார். 2012இல் அவருடைய மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த கோப்புகள் சாதாரணக் கணினியில் எளிதாகத் திறக்க முடியாத வடிவில் இருந்தன. அவரே அவற்றை உடைத்துத் திறந்து, எவரும் பார்க்கக்கூடிய வடிவுக்கு மாற்றி, 'லா கூரா' என்ற பெயரில் இணையத்தில் வைத்தார். டொக்டர்கள், நோயாளிகள், கலைஞர்கள் என்று பல நாடுகளிலிருந்தும் அவருக்கு எழுதினார்கள். சிகிச்சை பெற்றுப் பல ஆண்டுகள் வாழ்ந்து, 2022இல் காலமானார். எல்லாவற்றையும் உலகுக்கே திறந்து வைத்தது அவர் தானே எடுத்த முடிவு. அம்மாயி ஒரே ஒரு டொக்டருக்கு மட்டும் காட்டு என்றாலும் அதுவும் அதே அளவு பெரிய முடிவுதான்.

அவர் சம்மதித்தால் அரைகுறையாக அனுப்பாதே. ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தை வைத்து எந்த நல்ல டொக்டரும் முடிவு சொல்லமாட்டார். ஆஸ்பத்திரி தந்த சீடியில் டைகொம் என்ற வடிவில் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் இருக்கும். அந்த முழுக் கோப்புறைதான் போக வேண்டும். பயொப்ஸி ரிப்போட்டில் ஹோர்மோன் ஏற்பிகளும் ஹெர்2வும் குறித்த பக்கம் கட்டாயம் வேண்டும், மருந்தைத் தீர்மானிப்பதே அதுதான். மெழுகில் பதித்த திசுக்கட்டி ஆய்வுகூடத்தில் இருக்கும். வேலூரிலோ அடையாறிலோ உள்ளவர்கள் திரும்பப் பரிசோதிக்க விரும்பினால் அந்தக் கட்டியையோ கண்ணாடித் தகட்டையோ கேட்பார்கள், அதற்கு நம் டொக்டரின் கடிதம் வாங்க வேண்டும்.

மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் எழுது. கடைப் பெயர் இங்கே ஒன்று, அங்கே வேறொன்று. டொக்சோரூபிசின் ஏற்றியிருந்தால் இதுவரை ஏற்றிய மொத்த அளவைக் கேட்டு வாங்கு. அளவு கூடினால் இதயத்தைப் பாதிக்கும் மருந்து அது, வாழ்நாளுக்கே ஓர் எல்லை உண்டு. கதிர்ச் சிகிச்சை கொடுத்திருந்தால் எந்த இடத்தில், எத்தனை தடவை, மொத்தக் கதிர் அளவு எத்தனை கிரே என்று வேண்டும். ஏற்கெனவே கதிர் பட்ட இடத்தில் தெரியாமல் இன்னொரு முறை கொடுத்துவிடக் கூடாது. திகதியில் மாதத்தை எழுத்தால் எழுது. 03/04 என்பதை நாம் ஏப்ரல் என்று படிப்போம், அமெரிக்காவில் படித்தவர் மார்ச் என்று படிப்பார்.

பெயரையும் பார். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், கிளினிக் கொப்பியில் இன்னொரு விதம் என்று நம்மவர்களின் பெயர்கள் சிதைந்து கிடப்பது உனக்குத் தெரியும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி எழுதி வைக்காவிட்டால், தூரத்தில் இருக்கும் டொக்டர் மூன்று பேரின் ரிப்போட் என்று ஒதுக்கிவிடக்கூடும்.

மறைக்க வேண்டியதும் உண்டு. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் பிறந்த நாளையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். ஆரம்பக் கருத்துக் கேட்க வயது போதும். இலக்கத்தின் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் படம் எடு. டைகொம் கோப்புக்குள் பெயரும் பிறந்த திகதியும் எழுதப்பட்டே இருக்கும், திரையில் தெரியாவிட்டாலும் கூடவே போகும். அங்கே முறையாகப் பதிந்து சிகிச்சைக்கே போகும்போது அடையாள விவரம் வேண்டும், அப்போது கொடுக்கலாம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் போடவே போடாதே. வழியில் செய்தி பூட்டப்பட்டிருக்கும், உண்மைதான். ஆனால் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு போனிலும் அது ஒரு சாதாரணப் படம். பெரியம்மாவின் மகனுக்கு மட்டும் அனுப்பு, டொக்டரிடம் காட்டிய பின் அழிக்கச் சொல். அழித்தாரா என்று உன்னால் பார்க்க முடியாது. அதையும் அம்மாயியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பாய். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. உடல்நலத் தரவும் மரபணுத் தரவும் அதில் விசேட வகை. தரவு நாட்டுக்கு வெளியே போவதற்கும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதற்கும் அதில் ஏற்பாடு உண்டு. ஆனால் ஒருவர் முற்றிலும் தன் வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நீ கூடலூருக்கு அனுப்பும் படத்தைப் பற்றிக் கேட்க எந்த அதிகாரியும் வரமாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் ஒரு சுகாதாரத் தரவுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு நாட்டின் நோயாளி இன்னொரு நாட்டு டொக்டரிடம் போனால் அவருடைய நோய்க்குறிப்பு பின்னாலேயே போய்ச்சேரும்படி வழி அமைக்கிறார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் நம்மவர்க்கு இருக்கும் வழி உன் போனும் அம்மாயியின் பையும்தான். இது எனக்கு வருத்தம். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கைச்சாத்திட்டு, நம் தோட்டத்து மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதிக் குடும்பங்களைப் பிரித்த அரசுகளுக்கு, அந்தக் குடும்பங்களின் நோய்க்குறிப்பு கடந்துபோக ஒரு நேர்வழி அமைக்கும் கடமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கூடலூருக்குப் போன கிளையும் உன் இரத்தம்தான். மார்பகப் புற்றுநோயில் ஒரு சிறு பங்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணு மாற்றங்களால் பரம்பரையாக வருவது. அம்மாயியின் தங்கைமாருக்கும் அவர்களின் பெண்களுக்கும் மார்பிலோ சூல்பையிலோ புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் வந்தது என்பது இங்குள்ள டொக்டருக்கும் வேண்டும். ஆகவே நீ அனுப்புவது மட்டும் போதாது, அங்கிருந்தும் வர வேண்டும். மரபணுச் சோதனை செய்வதென்றால் அதன் முடிவு அம்மாயியைப் பற்றி மட்டும் பேசாது; உன் அம்மாவைப் பற்றியும் உன்னைப் பற்றியும் பேசும். நாளை உனக்கு வரன் பார்க்கும்போது யாரோ எடுத்துப் பேசக்கூடிய காகிதம் அது. ஹென்றியெட்டா லக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணிடமிருந்து 1951இல் கேட்காமலே எடுத்த புற்றுக் கலங்கள் உலகெங்கும் ஆய்வுகூடங்களுக்குப் போயின. 2013இல் ஜெர்மனியில் அந்தக் கலங்களின் மரபணு வரிசையை வெளியிட்டபோதும் அவருடைய குடும்பத்தை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எதிர்த்த பிறகே அதை நீக்கினார்கள். அந்த ஆண்டே, யார் அதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தாருக்கும் இடம் கிடைத்தது.

பெரியம்மாவிடமும் அம்மாயியிடம் கேட்ட மாதிரியே கேள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதே. டொக்டருக்காக வரையும் வம்ச வரைபடத்தில் அவருக்கு ஒரு வட்டம் மட்டும் போட்டு, பெயரும் நோயும் எழுதாமல் விட்டுவிடு. டொக்டர் கேட்டால், "அவர் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்.

அன்புடன்,
அத்தை